கதவுக்கு இந்தப் பக்கம்

ஹென்ரியெட்டா, ஓக்லஹோமா
18 ஜனவரி 1998

அன்பு மகள் மார்லாவுக்கு,

இங்கே நான் நலம். உன் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீ நலமாயிருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் ஐஸ் மழை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பஸ்ஸை எடுக்கும் வேலை இல்லை. குளிருக்கு முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான். அப்பா கல்லறையில் காற்றுக்கு விழுந்து கிடந்த பூச்சாடியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம். வேறு யாராவது எழுதி நீ பதறுவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நான் டெல்லா அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது நம் வீட்டில் யாரோ ஒருவன் புகுந்துவிட்டான். டி.வி., வீடியோ பெட்டி, அப்பாவின் மரம் அறுக்கும் இயந்திரம், மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த அவசரப் பணம், எல்லாம் போயிற்று. கதவு உடையவில்லை. அடுப்பின் மேலிருந்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "இப்படி ஒரு மாப்பிள்ளை கெடைச்சா நல்லா இருக்குமே" என்று டெல்லா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஷெரீஃப் அலுவலகத்தில் புகார் கொடுக்கவில்லை. போனது திரும்பியா வரப்போகிறது?

கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறேன். சிறிய ரிவால்வர். வாங்கினால் போதாது, பழக வேண்டும் என்பதால் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பிலும் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

தம்பி டஸ்டினைப் பற்றிக் கேட்டிருந்தாய். துல்சாவில் கூரை போடும் வேலையில் இருக்கிறான். நன்றாக இருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்புக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் மேலே வந்து கொஞ்சம் வெயிலிலும் நில்.

உன் அம்மா,
நோரீன்

கப்பலிலிருந்து
9 பிப்ரவரி 1998

அம்மா,

உன் கடிதம் நேற்றுத்தான் ஹெலிகாப்டரில் வந்த மூட்டையில் கிடைத்தது. நான் நலம். இயந்திர அறையில் நிற்கும் சூட்டுக்கு உன் ஐஸ் மழையைக் கொஞ்சம் அனுப்பிவைத்தால் நல்லது.

கதவு உடையாமல் ஒருவன் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான், நீ அதைச் சிரிப்புக் கதை மாதிரி எழுதியிருக்கிறாய். பூட்டை மாற்றினாயா? அக்கம்பக்கத்தில் வேறு வீட்டிலும் திருட்டு நடந்ததா? ஏன் ஷெரீஃபிடம் சொல்லவில்லை? துப்பாக்கி என்று படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கடற்படைப் பயிற்சியில் ஆளுக்கு ஒரு நாள் சுடச் சொன்னார்கள். என் குறி அட்டையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை, பக்கத்துப் பெண்ணின் அட்டையில் மட்டும் கூடுதலாக இருந்தன. நீ என்னைவிட மேலாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அங்கே தனியாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. டஸ்டின் கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்கு இன்றே எழுதப்போகிறேன். ஒரு மாதமாவது வந்து உன்னோடு தங்கட்டும். ஆம்பிளை ஒருத்தன் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் எவனும் வரமாட்டான்.

முழங்காலுக்குச் சூடான துணி கட்டு.

உன் மகள்,
மார்லா

ஹென்ரியெட்டா
15 பிப்ரவரி 1998

அன்பு மார்லா,

நலம், நலமறிய ஆவல். உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் முதல் வகுப்பைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆகாது.

சொல்லிக்கொடுப்பவள் வயோலா ஹார்ஜோ. என் வயதுதான் இருக்கும். பெண்கள் சிறையில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊருக்கு வெளியே மண்மேடு போட்டுச் சுடும் திடல் வைத்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "சினிமால பாத்ததையெல்லாம் வாசல்லயே துப்பிட்டு உள்ள வாங்க" என்றாள். ஒரு பெரிய மனிதர் இடுப்பில் முழ நீளத் துப்பாக்கியோடு வந்திருந்தார். "அண்ணே, இது துப்பாக்கியா, இல்ல டிராக்டர்லருந்து கழட்டுன சாமானா?" என்று கேட்டாள். அவர் அதைக் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு வந்தார்.

மதியம் வரைக்கும் ஒருவரையும் சுட விடவில்லை. "ஓடறதுக்கு வழி இருந்தா ஓடுங்க. வீட்ல சத்தம் கேட்டா தேடிக்கிட்டுப் போகாதீங்க. படுக்கையறைக்குள்ள போய்ப் பூட்டிக்குங்க, கட்டிலுக்குப் பின்னாடி உக்காருங்க, போலீசுக்குப் போன் பண்ணுங்க, துப்பாக்கி இருக்குன்னு கத்திச் சொல்லுங்க. எதிர்ல யாருன்னு தெரியற வரைக்கும் விரல் விசைக்கு வெளியதான் இருக்கணும்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

நான் கையைத் தூக்கி, "யாருன்னு தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என்னம்மா? வரி வசூலிக்க வந்தவனா இருந்தாகூடச் சுடக் கூடாது" என்றார் அந்தப் பெரிய மனிதர். எல்லாரும் சிரித்தார்கள். வயோலா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிடப் போகச் சொல்லிவிட்டாள்.

பின்னேரம் சுட்டேன். முதல் வெடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. பஸ் ஓட்டுகிறவளுக்குக் கை நடுங்காது என்று வயோலா சொன்னாள்.

உன் அம்மா

ஹென்ரியெட்டா
4 மார்ச் 1998

மார்லாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். பூட்டை மாற்றிவிட்டேன்.

டஸ்டினுக்கு எழுதாதே. அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது, இங்கே இழுக்க வேண்டாம். திருட்டைப் பற்றியோ துப்பாக்கியைப் பற்றியோ அவனிடம் ஒன்றும் சொல்லாதே. ஏன் என்று கேட்காதே, எழுதாதே, அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

அம்மா

கப்பலிலிருந்து
27 மார்ச் 1998

அம்மா,

நலமா? நான் நலம். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வயோலாவைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த கடிதத்தைப் பிரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் எழுதி அனுப்பிவிட்டேன் அம்மா. பிப்ரவரியிலேயே. வீட்டில் திருட்டு நடந்தது, அம்மா பயந்துபோய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறாள், சனிக்கிழமைகளில் பழகப் போகிறாள், நீ போய்க் கூட இரு என்று எழுதினேன். இதுவரை பதில் இல்லை. அவன் வந்தானா? எழுதியதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது சண்டையா?

உடனே பதில் போடு.

மார்லா

ஹென்ரியெட்டா
19 ஏப்ரல் 1998

அன்பு மகளுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். புயல் பருவம் தொடங்கிவிட்டது. வாரம் ஒரு முறையாவது எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது, நிலவறைக்கு இறங்கி ஏறுவதில் முழங்கால் தேய்கிறது. நீ அங்கே நலமாக இருப்பாய்.

டஸ்டினோடு சண்டை ஒன்றும் இல்லை. அவன் வந்திருந்தான். தேவாலயம் விட்டு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான். கூரை வேலை வெயிலில் செய்வதுதானே. கோழி பொரித்துப் போட்டேன், பாதிதான் சாப்பிட்டான். "துப்பாக்கி வாங்கினியாமே, அக்கா எழுதியிருந்தா. எங்க, காட்டு பாப்போம்" என்றான். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "நீயாம்மா சுடப்போறே? பஸ்ல அடிபட்ட ஆமைக்கு உக்காந்து அழுதவ நீ" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். போகும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பழைய ஞாபகம் என்றான். என் படுக்கையறையில் கொஞ்ச நேரம் நின்றான்.

பள்ளிக்கூட பஸ்ஸில் துப்பாக்கி கூடாது என்பது சட்டம். அதனால் அதை வைக்க ஓர் இரும்புப் பெட்டி வாங்கிப் படுக்கையறைத் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டேன். பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்தப் பெட்டி ஞாபகம்தான். பிள்ளைகள் பின்னால் கத்துவதுகூடக் காதில் விழுவதில்லை.

நேற்று வகுப்பில் ஒட்டுப்பலகையால் வீடு மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும், துப்பாக்கியில் சாயக் குண்டு. யாராவது கதவைத் திறந்து வருவார்கள். குடித்துவிட்டு வீடு மாறி வந்தவனாக இருக்கலாம், கொலைகாரனாகவும் இருக்கலாம். பார்த்து முடிவு செய்ய வேண்டியது நாம். என் முறை வந்தபோது வயோலாவின் மருமகன் வந்தான். அவனுக்கும் முகமூடி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றான்.

நான் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு அவனிடம் போனேன். அவன் பின்னாலிருந்து ரப்பர் கத்தியை எடுத்து என் வயிற்றில் வைத்தான். "செத்துட்டே நோரீன்" என்றாள் வயோலா, மேலிருந்து பார்க்கும் மேடையில் நின்று.

எல்லாரும் போன பிறகு லாரி நிழலுக்கு என்னைக் கூட்டிப் போய், "யாரு அது?" என்று கேட்டாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "சரி, சொல்ல வேணாம். ஆனா உனக்கு நீயே சொல்லிக்கோ. கதவு திறக்கற அன்னிக்கு யோசிக்க நேரம் இருக்காது" என்றாள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

கப்பலிலிருந்து
14 மே 1998

அம்மா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். நானும் டஸ்டினும் நாற்காலி போட்டு ஏறி நின்று கழுவியது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மாவு டப்பாவுக்குப் பின்னால் பணம் இருப்பது நம் நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? இதைப் படித்த அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் அவனையே உனக்குக் காவலுக்கு அனுப்பினேன்.

அவன் எந்தப் போதையைப் பயன்படுத்துகிறான்? பொடியா? எவ்வளவு நாளாக? நீ யாருக்கு எதிராகத் துப்பாக்கி பழகுகிறாய் என்று எனக்கு எழுது. பேரைப் போட்டு எழுது. டெல்லா அத்தை வீட்டுக்குப் போய்விடு. வீடு போனால் போகட்டும்.

மார்லா

கப்பலிலிருந்து
10 ஜூன் 1998

அம்மா,

இரண்டு முறை தபால் மூட்டை வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மூட்டையைப் பிரிக்கிறவன் என்னைப் பார்த்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒரு வரி போதும்.

மார்லா

ஹென்ரியெட்டா
21 ஜூன் 1998

அன்பு மார்லாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நான் உயிரோடு இருக்கிறேன். உன் தம்பியும் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் தெரிந்துகொண்டு மற்றதைப் படி.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய வாரம். நான் பஸ்ஸில் இருப்பேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பஸ் ஓட்டாத காலங்களில் என் கார் கொட்டகைக்குள்தான் நிற்கும், வெளியே தெரியாது. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவின் பூட்டை நெம்புகிற சத்தம் கேட்டது. அப்போது யார் என்று தெரியாது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

வயோலா சொன்னதையெல்லாம் என் கையும் காலும் தாமாகவே செய்தன. கதவைப் பூட்டினேன். பெட்டியைத் திறந்து எடுத்தேன். கட்டிலுக்குப் பின்னால் மண்டியிட்டுப் போன் செய்தேன். எடுத்த பெண் சிறு பிள்ளையாக என் பஸ்ஸில் வந்தவள். "எந்த வீடுன்னு தெரியும் மிஸ் நோரீன். ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மார்லா, அந்தக் கேள்விக்குத்தான் நான் டிசம்பரிலிருந்து பதில் சொல்லாமல் இருந்தேன்.

"என் மகன்" என்றேன். "டஸ்டின்."

அவன் நேராக என் அறைக்குத்தான் வந்தான். கதவு பூட்டியிருந்ததும் நின்றுவிட்டான். "யாரு உள்ள? அம்மாவா?"

"கையில துப்பாக்கி இருக்கு டஸ்டின். போயிடு."

"அம்மா, அந்தத் துப்பாக்கியத்தான் கேக்கறேன். விக்கறதுக்கும்மா. ரெண்டு பேரு என்னைத் தேடிக்கிட்டு இருக்காங்க. குடுத்துடு, போயிடறேன். உன்னை நான் என்ன பண்ணப்போறேன்? கதவைத் திறம்மா."

திறக்கவில்லை. கடப்பாறையால் அடித்தான். கதவின் நடுப்பலகை பிளந்தது. அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். நகமெல்லாம் கறுத்து, மணிக்கட்டில் எலும்பு துருத்தின கை. துப்பாக்கி முனை நேராக அதன்மேல் நின்றது. என் விரல் வெளியேதான் இருந்தது. உள்ளே போயிருக்குமா என்று கேட்காதே.

"டஸ்டின், கதவு திறந்தா சுடுவேன்" என்றேன். கத்தவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளிடம் உட்காரச் சொல்கிற குரல்தான் வந்தது.

கை அப்படியே நின்றது. மெதுவாக வெளியே போயிற்று.

"போலீசக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"என்னன்னு சொன்னே?"

"உன் பேரைச் சொன்னேன்."

அவன் கதவை விட்டு நகர்ந்தான். நடைக்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. அப்போது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கடப்பாறையும் கையுமாக இவனை வீட்டுக்குள் பார்த்தால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? வயோலாவின் ஒட்டுப்பலகை வீட்டில் துப்பாக்கி பிடித்தவருக்கு யோசிக்க நேரமில்லை என்று பார்த்தவள் நான்.

"டஸ்டின், கடப்பாறையை அங்கயே போடு. வெளிய போய்ப் படில உக்காரு. கை ரெண்டையும் முட்டிமேல வை, தெரியற மாதிரி. அவங்க சொல்றதுக்கு முன்னாடி எழுந்திருக்காதே. கையை ஜேபில விடாதே."

"ஓடிடட்டுமாம்மா?"

"ஓடுனா சுடுவாங்க. போய் உக்காரு."

போனான். போனில் இருந்த பிள்ளையிடம், அவன் படியில் இருக்கிறான், கையில் ஒன்றும் இல்லை, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நானும் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெடிச் சத்தம் கேட்கும் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவனைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை இடித்துக்கொள்ளாமல் ஒரு போலீஸ்காரர் அவன் உச்சந்தலையில் கை வைத்து அழுத்தினார்.

நீ கேட்ட போதைப் பொடிதான். அப்பா இறந்த வருஷத்திலிருந்து. இப்போது எல்லாம் எழுதிவிட்டேன்.

அம்மா

கப்பலிலிருந்து
16 ஜூலை 1998

அம்மா,

உன் கடிதம் கிடைத்த அன்று துறைமுகத்தில் நின்றிருந்தோம். போன் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் இருந்தவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் என்ன கத்துவேனோ என்று பயம்.

பெற்ற பிள்ளையைப் போலீஸில் சொன்னாயே என்று கத்தியிருப்பேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தேனே என்று அழுதிருப்பேன். இரண்டுக்கும் போனில் நேரம் பத்தாது.

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தால் கதவைத் திறந்திருப்பேன் அம்மா. அவன் கேட்ட குரலுக்குத் திறந்திருப்பேன். பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே போயிருக்கும், யார் உயிரை எடுத்திருக்கும்?

அவனைப் போய்ப் பார்த்தாயா? என்னைக் கேட்டானா?

நன்றாகத் தூங்கு.

மார்லா

ஹென்ரியெட்டா
13 செப்டம்பர் 1998

அன்பு மகளுக்கு,

நலம். பள்ளிக்கூடம் திறந்து பஸ் ஓடுகிறது. பெக்கான் மரத்தில் இந்த வருஷம் காய் அதிகம், நீ விடுமுறைக்கு வந்தால் உடைத்துத் தின்னலாம். உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது?

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், அவன் என்னைப் பார்க்க மறுத்துக்கொண்டே இருந்ததுதான். ஒவ்வொரு வாரமும் சிறைக்குப் போவேன், வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். நீதிபதி தண்டனையில் ஒரு பகுதியைப் போதை விடுவிக்கும் பிரிவில் கழிக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே மாற்றுவதற்கு முன்பு நேற்று வந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தான். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் போன் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"வீட்ல தனியாவா இருக்கே?"

"ஆமா."

"துப்பாக்கி?"

"இருக்கு."

"இருக்கட்டும். என்னைத் தேடுன அந்த ரெண்டு பேருக்கும் வீடு தெரியும்மா. ஒரு தடவை கூட்டிட்டு வந்திருக்கேன்." பிறகு, நான் கடைக்குப் போகும்போது வாங்க வேண்டிய சாமான் சொல்வானே, அந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தான். "உன் ரூம் கதவு உள்ள வெறும் அட்டை, நல்ல மரத்துல போடு. சமையக்கட்டுப் பூட்டு தண்டம், ஆணி நீளமா அடிக்கணும். கொட்டகைலருந்து ஏணிய எடுத்து உள்ள போடு. குளியலறை ஜன்னல் கொக்கி சும்மா பேருக்குத்தான் இருக்கு. வெளியிலருந்து இப்படித் தட்டுனா விழுந்துடும். நான் அது வழியாத்தாம்மா வந்தேன், கிறிஸ்துமஸப்ப."

காவலர் நேரம் முடிந்தது என்றார். "அக்காகிட்ட நான் கேட்டேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

திரும்பி வரும் வழியில் கடையில் நல்ல இரும்புக் கொக்கி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குளியலறை ஜன்னலில் அதை முடுக்கினேன். வெளியே போய், செடிகளுக்கு நடுவில் நின்று, அவன் காட்டிய மாதிரியே தட்டிப் பார்த்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன் மார்லா. இந்த வருஷத்தில் முதல் முறையாக.

மற்றபடி நலம். அவனுக்கு எழுது. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

உன் அம்மா,
நோரீன்